கையில் ஒன்று, தரையில் நான்கு: அஞ்சாங்கல்லும் பின்பாலும்

பின்பால் மேசையில் ஒரே ஒரு பந்து ஓடும்வரை ஆட்டக்காரர் நிதானமாகவே இருக்கிறார். மேசைக்குள் அடைபட்டிருந்த பந்துகள் இரண்டு மூன்றாகத் திறந்துவிடப்பட்டதும் நிலைமை மாறிவிடுகிறது. விளக்குகள் மின்னுகின்றன, மணி விடாமல் அடிக்கிறது, இரண்டு கைகளும் பொத்தான்களை மாறி மாறிக் குத்தத் தொடங்குகின்றன. சில நொடிகளில் பந்துகள் ஒவ்வொன்றாக அடியிலிருக்கும் இடைவெளிக்குள் போய்விடுகின்றன. மல்டிபால் எனப்படும் இந்தக் கட்டத்தில்தான் பெரிய மதிப்பெண் கிடைக்கும். பெரும்பாலோர் கோட்டை விடுவதும் இங்கேதான்.

பல பொருள்களை ஒரே சமயத்தில் ஆளவேண்டும், ஒன்றும் கைதப்பக் கூடாது என்ற இந்தச் சிக்கல் நமக்குப் புதிதில்லை. பின்பால் பிறப்பதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே நம் பெண்பிள்ளைகள் திண்ணையில் உட்கார்ந்து ஐந்து கல்லை வைத்து இதற்கு ஒரு விடை கண்டிருக்கிறார்கள். பல்லடம் பக்கம் அஞ்சாங்கல், சில இடங்களில் தட்டாங்கல், இன்னும் சில இடங்களில் சொட்டாங்கல், பழைய நூல்களில் கழங்கு. இந்த ஆட்டத்தையும் மல்டிபாலையும் அருகருகே வைத்துப் பார்த்தால், மேசை முன் நிற்பவர் கற்றுக்கொள்ள வேண்டியவற்றில் பாதிக்கு மேல் இங்கே கிடைக்கிறது என்பது என் கருத்து. மீதிப் பாதி இங்கே கிடைக்காது; அது எது என்பதையும் பார்க்க வேண்டும்.

பல்லடத்தில் தெருவுக்குத் தெரு தறிச்சத்தம் கேட்கும். பின்பால் மேசையின் மணியை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். ஆனாலும் இந்த விளையாட்டை அறியாதவர்கள் என்று ஒரு தலைமுறையைச் சொல்லிவிட முடியாது. விண்டோஸ் எக்ஸ்பி இருந்த ஒவ்வொரு கம்ப்யூட்டரிலும் 'ஸ்பேஸ் கேடட்' என்ற பின்பால் விளையாட்டு கூடவே வந்தது. பனியன் கம்பெனி ஆபீஸில் பில் போடும் கம்ப்யூட்டரிலும் பிரவுசிங் சென்டரிலும் இடது கையால் இஸட் பொத்தானையும் வலது கையால் சாய்கோட்டுப் பொத்தானையும் தட்டிக்கொண்டிருந்தவர்கள் நம் ஊரில் நிறையப் பேர். அதில் மல்டிபால் கிடையாது. மேக்சிஸ் நிறுவனம் 1995-இல் வெளியிட்ட மூல விளையாட்டான 'ஃபுல் டில்ட்'டில் இருந்தது. மைக்ரோசாஃப்ட் வழியாக வந்த வடிவத்தில் அது இல்லாமல் போயிற்று. அதனால் அன்று ஆடியவர்கள் ஒற்றைப் பந்தோடு பழகியவர்கள். இன்று செல்போனில் இறக்கிக்கொள்ளும் பின்பால் ஆட்டங்களில் மல்டிபால் சாதாரணமாக வருகிறது. பழகாத கை அங்கேதான் தடுமாறுகிறது.

இரண்டு ஆட்டங்களின் பிறப்பையும் சற்றுப் பார்த்துவிடலாம். பின்பாலின் மூதாதை பகடெல் பலகை. ஆணி அடித்த மரப்பலகையில் கோலிக்குண்டை விடும் பொம்மையாக அது நம் வீடுகளுக்கும் வந்து சேர்ந்திருக்கிறது. 1871-இல் அமெரிக்காவில் மாண்டேகு ரெட்கிரேவ் அந்தப் பலகைக்குச் சுருள்வில் வைத்த உந்துகோலைச் சேர்த்துக் காப்புரிமை பெற்றார். அதற்குப் பிறகும் வெகுகாலம், பந்தை மேலே அனுப்பிவிட்டால் ஆடுகிறவர் செய்ய அதிகம் ஒன்றுமில்லை. 1947-இல் காட்லீப் நிறுவனத்தின் 'ஹம்ப்டி டம்ப்டி' மேசையில் ஹாரி மாப்ஸ் ஃபிளிப்பர்களைப் பொருத்தினார். கீழே விழ வரும் பந்தைத் திருப்பி அடிக்கும் அந்தச் சிறு துடுப்புகள் வந்த நாளில்தான் பின்பால் கைத்திறன் விளையாட்டாயிற்று. 1956-இல் பாலி நிறுவனம் 'பால்ஸ்-எ-பாப்பின்' என்ற மேசையில் பல பந்துகளை ஒன்றாக ஓடவிட்டது. 1980-இல் வில்லியம்ஸ் நிறுவனத்துக்காக ஸ்டீவ் ரிட்சி வடிவமைத்த 'ஃபயர்பவர்' மின்னணு மேசைகளுக்கு மல்டிபாலைக் கொண்டுவந்தது. 1995-இல் வந்த சேகா நிறுவனத்தின் 'அப்போலோ 13' மேசை 13 பந்துகளை ஒரே சமயத்தில் இறக்கியது. பதின்மூன்றை ஆள யாராலும் முடியாது, அது வேடிக்கைக்கு. ஆளக்கூடிய மல்டிபால் இரண்டு, மூன்று, மிஞ்சினால் நான்கு பந்துகளோடு நின்றுவிடுகிறது.

கழங்கின் வயது இதைவிடப் பெரிது. புறநானூற்றின் 36-ஆம் பாட்டில் ஆலத்தூர் கிழார், கருவூரை முற்றுகையிட்டிருந்த கிள்ளிவளவனிடம் பேசுகிறார். ஆன்பொருநை ஆற்று மணலில் பெண்கள் பொன்னால் செய்த கழங்கு வைத்து ஆடுவது அதில் வருகிறது. ஆன்பொருநை இன்றைய அமராவதி என்பார்கள். ஆனைமலையில் பிறந்து, உடுமலைப் பக்கம் அணையில் தங்கி, தாராபுரம் வழியாகக் கருவூருக்குப் போகிற அதே ஆறு. அதன் பாதையில் பெரும்பகுதி நம் திருப்பூர் மாவட்டம். ஆற்றுமணலில் ஆடிய அந்த ஆட்டம் பல்லடத்துக்கு வெளியாள் கொண்டுவந்த சரக்கில்லை. பொன்னுக்குப் பதில் கழற்சிக்காயை வைத்து ஆடினார்கள், கூழாங்கல்லை வைத்து ஆடினார்கள். இந்தப் பக்கம் காரணம்பேட்டை, கோடங்கிபாளையம் வட்டாரத்தில் கல்குவாரிகள் உண்டு. சல்லிக்கல்லைப் பொறுக்கி, முனை மழுங்கும்வரை தரையில் உரசி ஆடும் பிள்ளைகளை இன்றும் பார்க்கலாம். தேவநேயப் பாவாணர் தமிழ்நாட்டு விளையாட்டுகளைத் தொகுத்து எழுதிய நூலில் இதற்கும் இடம் தந்திருக்கிறார்.

ஆடும் முறை எல்லாருக்கும் தெரிந்ததுதான், ஆனாலும் ஒப்பிடுவதற்கு அதை ஒருமுறை கண்முன் கொண்டுவர வேண்டும். ஐந்து கல்லையும் தரையில் உருட்டி விடுவது. ஒன்றை எடுத்து மேலே போடுவது. அது கீழே வருவதற்குள் தரையிலிருந்து ஒரு கல்லை எடுத்து, அதே கையால் விழும் கல்லையும் பிடிப்பது. இப்படி ஒவ்வொன்றாக நான்கும் கைக்கு வந்தால் முதல் சுற்று முடிந்தது. அடுத்து இரண்டிரண்டாக, அதற்கடுத்து மூன்றும் ஒன்றுமாக, பின்பு நான்கையும் ஒரே அள்ளாக. கடைசியில் ஐந்தையும் மேலே போட்டுப் புறங்கையில் ஏந்தி, அங்கிருந்து மறுபடி எழுப்பி உள்ளங்கையில் பிடிப்பது. இடையில் கல் தவறினால் ஆட்டம் போயிற்று. எடுக்க வேண்டாத கல் விரல் பட்டு அலுங்கினாலும் போயிற்று.

முதல் ஒப்புமை இங்கேயே இருக்கிறது. அஞ்சாங்கல் என்று பெயர் இருந்தாலும் ஐந்து கல்லும் ஒன்றாக அசைவதே இல்லை, கடைசிப் புறங்கைக் கட்டம் தவிர. எந்த நொடியிலும் காற்றில் இருப்பது ஒன்றுதான். மற்றவை தரையில் கிடக்கின்றன அல்லது மடக்கிய விரலுக்குள் இருக்கின்றன. தேர்ந்த பின்பால் ஆட்டக்காரரின் மல்டிபாலும் இப்படித்தான் இருக்கும். அவர் மூன்று பந்தையும் துரத்திக்கொண்டிருப்பதில்லை. முதல் வேலையாக ஒரு பக்கப் பொத்தானை அழுத்தி, அந்த ஃபிளிப்பரைத் தூக்கிய நிலையிலேயே வைத்துக்கொள்கிறார். தூக்கி நிற்கும் ஃபிளிப்பருக்கும் அதன் பின்னாலிருக்கும் தடுப்புக்கும் நடுவில் ஒரு மடி உண்டாகிறது. உருண்டு வரும் பந்து அந்த மடியில் அடங்கிவிடுகிறது. ஒரு பந்தோ இரண்டு பந்தோ அங்கே உறங்கட்டும்; எஞ்சிய ஒரு பந்தை மறுபக்க ஃபிளிப்பரால் ஆடுகிறார். பார்ப்பவர்களுக்கு மூன்று பந்து ஆட்டம், ஆடுகிறவருக்கு ஒரு பந்து ஆட்டம்.

புதிதாக ஆடுகிறவருக்கு இது எளிதில் மனத்தில் ஏறாது. பந்துகள் அதிகமானால் கை வேகம் அதிகமாக வேண்டும் என்றே நினைக்கத் தோன்றும். ஆனால் இரண்டு பொத்தானையும் ஒன்றாக அழுத்தினால் இரண்டு ஃபிளிப்பரும் மேலே போய், நடுவிலிருக்கும் இடைவெளி அகன்றுவிடுகிறது. அழுத்தியதை விட்டதும் மடியில் அடங்கியிருந்த பந்தும் நழுவிப் போகிறது. மல்டிபாலில் பந்தை இழப்பதற்கு இதைவிடச் சுருக்கமான வழி கிடையாது. ஆகவே பயிற்சியின் முதல் பாடம், இரு கைகளையும் பிரித்துப் பழகுவது. இடது விரல் அழுத்தியது அழுத்தியபடியே இருக்க, வலது விரல் மட்டும் வேலை செய்ய வேண்டும். பிறகு மாற்றிப் பழக வேண்டும்.

இந்த அடக்கம் ஏன் பயன்படுகிறது என்பதற்குக் காரணம் நேரத்தில் இருக்கிறது. மேலே போட்ட கல் திரும்பி வர எடுக்கும் நேரத்தை அதன் உயரம் தீர்மானிக்கிறது. ஒரு அடி உயரம், அதாவது 30 சென்டிமீட்டர் போட்டால் ஏறத்தாழ அரை நொடி. ஒரு முழு நொடி வேண்டுமென்றால் 60 சென்டிமீட்டர் போதாது, 120 சென்டிமீட்டர் போட வேண்டும். நேரம் இரட்டிப்பாக வேண்டுமானால் உயரம் நான்கு மடங்காக வேண்டும் என்பது இயற்பியல் கணக்கு. அவ்வளவு உயரம் போனால் கல் நேராக இறங்காது, பக்கவாட்டில் விலகும். நன்றாக ஆடும் பெண்கள் இந்தக் கணக்கை எங்கும் படித்ததில்லை, ஆனாலும் கல்லைத் தலைக்கு மேல் போடுவதில்லை. ஒற்றைக் கல் எடுக்கும்போது நெஞ்சளவு கூடப் போகாது. நான்கையும் அள்ளும்போது சற்று உயரும். தேவைக்கு மேல் ஒரு சாண்கூட விரயம் செய்வதில்லை.

பின்பாலில் புவியீர்ப்பு இவ்வளவு கடுமையாக இல்லை. மேசையின் சாய்வு ஏறத்தாழ 6.5 பாகைதான். அந்தச் சாய்வில் உருளும் உருக்குப் பந்துக்குக் கிடைக்கும் முடுக்கம், நேராக விழும் கல்லுக்குக் கிடைப்பதில் ஏறத்தாழ 12-இல் ஒரு பங்கு. மேலே ஒரு மீட்டர் தூரத்தில் நின்றுபோன பந்து தடையின்றி உருண்டு வந்தால் கீழே சேர ஒன்றரை நொடிக்கு மேலாகும். கண்ணில் பட்டதற்குக் கை அசைய மனிதருக்கு ஏறத்தாழ 0.2 நொடி போதும். ஆக ஒற்றைப் பந்தைச் சமாளிக்க நேரம் தாராளமாகவே இருக்கிறது. அப்படியானால் மல்டிபால் ஏன் கடினமாகிறது? இரண்டு பந்துகள் ஒரே நொடியில் கீழே வந்து சேர்வதால். இரண்டு வருகைகளுக்கும் நடுவில் இடைவெளி உண்டாக்கிவிட்டால் சிக்கல் முடிந்தது. அஞ்சாங்கல்லில் அந்த இடைவெளியை உயரத்தால் வாங்குகிறோம். பின்பாலில் உயரத்தை நம்ப முடியாது. மேலே போன பந்து தூண்களிலும் ரப்பரிலும் மோதி எப்போது திரும்பும் என்று சொல்ல முடியாது. அங்கே இடைவெளியை வாங்குவதற்கு உள்ள ஒரே நம்பகமான வழி, ஒன்றைப் பிடித்து நிறுத்திக்கொள்வது.

பல்லடத்து விசைத்தறிக் கூடத்தில் இதை ஒவ்வொரு நாளும் பார்க்கலாம். ஒரே ஆள் பல தறிகளைப் பார்த்துக்கொள்கிறார். நாடாவுக்குள் இருக்கும் தாரில் நூல் சில நிமிடங்களில் தீர்ந்துவிடும், மாற்ற வேண்டும். எல்லாத் தறியிலும் ஒரே சமயத்தில் தார் தீர்ந்தால் எந்தக் கைக்காரராலும் முடியாது. அதனால் ஒன்றுக்குப் பின் ஒன்றாகத் தீரும்படி முன்கூட்டியே மாற்றி மாற்றிப் போட்டுவைக்கிறார். நூல் அறுந்து ஒரு தறி நின்றுவிட்டாலும் ஓடிப் பாய்வதில்லை. நின்ற தறி நின்ற இடத்தில் இருக்கும், ஓடுகிற தறியில் தப்பு விழாமல் பார்ப்பதே முதல் காரியம். மல்டிபாலில் மடியில் கிடக்கும் பந்தை மறந்துவிட்டு ஓடும் பந்தை மட்டும் பார் என்று சொல்வதும் இதே அறிவுதான்.

கண் எங்கே இருக்க வேண்டும் என்பதில் இரண்டு ஆட்டமும் ஒரே பாடத்தைச் சொல்கின்றன. அஞ்சாங்கல் பழகாதவர் மேலே போன கல்லையே பார்த்துக்கொண்டிருப்பார். அது இறங்கும்போது தரைக் கல் எங்கே என்று தடவுவார். பல்லடம் பக்கத்துக் கிராமம் ஒன்றில், தம்பிக்குக் கல்லாடக் கற்றுக்கொடுத்த ஒரு சிறுமி அவனிடம் சொன்னது: "மேல போன கல்லு எங்கடா போயிரப் போவுது? உங்கைக்குத்தான வரும். நீ கீழ பாரு." பின்பாலுக்கு இதைவிட நல்ல அறிவுரையை நான் கண்டதில்லை. மேசையின் மேல்பகுதியில் விளக்குகளுக்கு நடுவே துள்ளும் பந்தை எந்தக் கண்ணும் இழுபட்டுப் பார்க்கும். அங்கே நம்மால் செய்யக்கூடியது ஒன்றுமில்லை. கை எட்டுவது ஃபிளிப்பர்களும் அவற்றுக்கு மேலே ஒரு சாண் இடமும்தான். கண் அங்கேயே நிற்க வேண்டும். மேலே போன பந்து எப்படியும் அந்த இடத்துக்கு வந்தே தீரும்.

அடுத்தது பிடிக்கும் விதம். விழும் கல்லைக் கை விறைத்து எதிர்கொண்டால் கல் உள்ளங்கையில் பட்டுத் தெறித்துவிடும். கல்லோடு சேர்ந்து கையும் சற்று இறங்க வேண்டும். புறங்கையில் ஐந்தையும் ஏந்தும் கட்டத்தில் இது இன்னும் தெளிவாகத் தெரியும். அங்கே மடக்கிப் பிடிக்க விரல் உதவாது, இறங்கிக் கொடுத்தால்தான் கல் தங்கும். பின்பாலில் இதே காரியத்தை ஃபிளிப்பரை வைத்துச் செய்கிறார்கள். தூக்கி வைத்த ஃபிளிப்பரில் பந்து வந்து மோதும் நொடியில் பொத்தானை விட்டுவிட்டால், ஃபிளிப்பர் பின்வாங்கி அடியை வாங்கிக்கொள்கிறது, பந்து வேகம் செத்து அங்கேயே தளர்ந்து நிற்கிறது. 27 மில்லிமீட்டர் குறுக்களவும் ஏறத்தாழ 80 கிராம் எடையும் கொண்ட உருக்குப் பந்தை ரப்பர் போர்த்திய துடுப்பால் இவ்வளவு மென்மையாக நிறுத்த முடியும் என்பதை முதலில் பார்ப்பவர் நம்ப மாட்டார். நேர்மாறான உத்தியும் ஒன்று உண்டு. வேகமாக வரும் பந்தை, சரியாக அது சேரும் கணத்தில் ஃபிளிப்பரை உயர்த்தி அதன் முடிவில் சந்தித்தால், பந்து துள்ளாமல் ஒட்டிக்கொண்டதுபோல் நிற்கும். இது கடினமானது. நல்ல ஆட்டக்காரருக்கும் ஒவ்வொரு முறையும் வாய்க்காது.

இவை எல்லாவற்றையும்விட எளிதான, ஆனால் மனத்துக்கு மிகக் கடினமான உத்தி ஒன்று இருக்கிறது. பந்து ஃபிளிப்பரை நோக்கி வரும்போது ஒன்றுமே செய்யாமல் இருப்பது. படுத்திருக்கும் ஃபிளிப்பரின் ரப்பரில் பட்டு, பந்து தானாகவே எதிர்ப்பக்க ஃபிளிப்பருக்குத் தாவிப் போகும். அங்கே அதை அடக்கிக்கொள்ளலாம். பொத்தான் மேல் விரல் இருக்கும்போது அழுத்தாமல் இருப்பதற்கு நிறையப் பயிற்சி வேண்டும். கல்லாட்டத்திலும் இதற்கு இணை உண்டு. ஒற்றைக் கல் எடுக்கும்போது மேலே போன கல் இன்னும் ஏறிக்கொண்டிருக்கையிலேயே பதறி வாரினால் பக்கத்துக் கல் அலுங்கும். பதறாத விரல்தான் ஒரு கல்லை மட்டும் கிள்ளி எடுக்கும்.

அலுங்கல் என்றதும் பின்பாலின் டில்ட் நினைவுக்கு வரும். மேசையைக் கையால் இலேசாக உலுக்கிப் பந்தின் போக்கை மாற்றலாம், அதற்கு அனுமதி உண்டு. அளவு மீறினால் மேசைக்குள் உலோக வளையத்தின் நடுவே தொங்கும் குண்டு ஆடி வளையத்தைத் தொடும். மின்சுற்று இணைந்து ஃபிளிப்பர்கள் செத்துவிடும், அந்தப் பந்து போகும். மல்டிபால் நடுவில் டில்ட் ஆனால் ஓடிக்கொண்டிருந்த எல்லாப் பந்தும் போகும். கல்லாட்டத்தில் இப்படி ஒரு சலுகை அளவே கிடையாது. விரல் பட்டுக் கல் ஒரு நூல் நகர்ந்தாலும் எதிரே உட்கார்ந்திருப்பவள் கண்டுபிடித்துவிடுவாள். தொங்கும் குண்டைவிட எதிராளியின் கண் கூர்மை. இந்த விதியின் கடுமைதான் கல்லாட்டக்காரிகளின் விரலை அவ்வளவு சுத்தமாக்குகிறது. தொடுவதற்கு முன் எதைத் தொடக் கூடாது என்று முடிவு செய்துவிடும் பழக்கத்தை அது ஊட்டுகிறது. பின்பால் மேசை அந்தப் பழக்கத்தைக் கேட்பதில்லை, அதனாலேயே பலருக்கு அது வருவதில்லை.

கல்லை உருட்டும் முதல் வீச்சையும் சொல்லியாக வேண்டும். முதல் சுற்றுக்குக் கல்களைப் பரவலாக விடவேண்டும். ஒன்றை எடுக்கும்போது இன்னொன்று இடறக் கூடாது. நான்கையும் அள்ளும் சுற்றுக்கு நெருக்கமாக விடவேண்டும். ஆட்டம் பாதி அந்த வீச்சிலேயே முடிவாகிவிடுகிறது. மல்டிபாலிலும் பந்துகள் எங்கெங்கே அடங்கியிருக்கின்றன என்பதே அடுத்த அடியைத் தீர்மானிக்கிறது. இரண்டு பந்து ஒரே ஃபிளிப்பரின் மடியில் இருந்தால் குறி வைத்து அடிக்க முடியாது. அடித்தால் இரண்டும் ஒன்றாகக் கிளம்பும், ஒன்றில் ஒன்று மோதித் திசை மாறும். பக்கத்துக்கு ஒன்றாகப் பிரித்து வைத்துக்கொண்டால், ஒரு பக்கத்தை அழுத்திப் பிடித்தபடி மறுபக்கத்தை இறக்கி, உருளும் பந்தைச் சரியான இடத்தில் அடிக்கலாம். நின்ற நிலையிலிருந்து உருளும் பந்து ஒவ்வொரு முறையும் ஒரே வேகத்தில் உருளும், அதனால் குறி தப்பாது. ஓடிவரும் பந்தை ஓட்டத்திலேயே அடிப்பதில் இந்த உறுதி இல்லை.

கல்லாட்டத்தின் பக்கமே இதுவரை தராசு சாய்ந்துவிட்டது என்று தோன்றலாம். சரியாகவே சாய்ந்திருக்கிறது என்பேன். ஆனால் இந்த இடத்தில் இரண்டு ஆட்டமும் பிரிகின்றன. அஞ்சாங்கல்லில் இழப்புக்கு இடமில்லை. ஒரு கல் தவறினால் முறை எதிராளிக்குப் போகிறது. மல்டிபாலில் மூன்றில் ஒன்று போனாலும் ஆட்டம் மல்டிபாலாகவே தொடர்கிறது. ஒரே ஒரு பந்து மிஞ்சும்போதுதான் அது முடிகிறது. பல மேசைகளில் மல்டிபால் தொடங்கிய சில நொடிகளுக்குள் விழும் பந்தை மேசையே திருப்பித் தந்துவிடும். ஆகவே இங்கே வேறொரு திறமை வேண்டும்: எந்தப் பந்தைப் போகவிடுவது என்று முடிவு செய்வது. ஓரத்து வழியில் விழப்போகும் பந்தைக் காப்பாற்ற உலுக்கி, அந்த உலுக்கலில் மடியிலிருந்த இரண்டையும் இழப்பவர்கள் உண்டு. கல்லாடிப் பழகிய கை இந்தத் தவறைச் செய்யவே அதிகம் வாய்ப்பிருக்கிறது, ஏனென்றால் அதற்கு எதையும் விட்டுக்கொடுக்கத் தெரியாது. திருப்பித் தரும் நொடிகளில் தாராளமாக அடித்து மதிப்பெண் சேர்த்துக்கொண்டு, அந்தச் சலுகை முடியும் தறுவாயில் அடக்கத்துக்கு மாறிக்கொள்வதும் மேசை முன் நின்று கற்க வேண்டியதே. திண்ணை அதைக் கற்றுத் தராது.

அம்மானையை ஏன் ஒப்பிடவில்லை என்று கேட்கலாம். பெண்பாற் பிள்ளைத்தமிழில் ஒரு பருவத்துக்கே பெயரான அம்மானையில், பல காய்கள் ஒரே சமயத்தில் காற்றில் சுழலும். தோற்றத்தில் மல்டிபாலுக்கு நெருக்கம் அதுதான். ஆனால் அம்மானையில் எறிவதும் நம் கை, பிடிப்பதும் நம் கை. ஒவ்வொரு காயும் நாம் விதித்த தாளத்தில் வரும். பின்பாலில் தாளம் மேசையுடையது. நம் வசத்தில் இல்லாத தாளத்தை அம்மானை முறையில் ஆள முயல்வதுதான், அதாவது எல்லாவற்றையும் ஓடவிட்டுக்கொண்டே சமாளிக்கப் பார்ப்பதுதான், தோற்கிற ஆட்டக்காரர் செய்வது.

இரண்டு ஆட்டங்களையும் அவற்றின் ஊரார் நடத்திய விதத்திலும் ஒற்றுமை உண்டு. நியூயார்க் நகரம் 1942-இல் பின்பாலைச் சூதாட்டம் என்று தடை செய்தது. 1976-இல் நகர மன்றக் குழுவின் முன் ரோஜர் ஷார்ப் என்பவர் ஒரு மேசையில் ஆடிக் காட்டினார். உந்துகோலை இழுப்பதற்கு முன்பே பந்து எந்த வழியில் இறங்கும் என்று சொல்லி, சொன்னபடியே இறக்கினார். இது அதிர்ஷ்டமில்லை, கைத்திறன் என்று ஒப்புக்கொண்டு தடையை நீக்கினார்கள். அஞ்சாங்கல்லுக்கு அப்படி ஒரு சட்டத் தடை வந்ததில்லை. வீட்டுக்குள் கல்லாடக் கூடாது, குடும்பத்துக்கு ஆகாது என்ற கடிதலும், அது பொட்டப்புள்ளைகள் பொழுதுபோக்கு என்ற அலட்சியமும் வந்தன. பின்பாலுக்கு அதன் திறமையை நிரூபிக்க ஒரு நாள் வாய்த்தது. கல்லாட்டத்துக்கு இன்னும் வாய்க்கவில்லை. பள்ளி விளையாட்டு நாளில் பையன்களின் ஓட்டப்பந்தயத்துக்குக் கோடு போடுகிற அளவுக்குக்கூட யாரும் இதற்கு ஒரு மூலை ஒதுக்கியதாக நான் பார்த்ததில்லை. இது எனக்கு வருத்தம் தரும் விஷயம். கண்ணையும் விரலையும் நேரக் கணக்கையும் இவ்வளவு நுணுக்கமாகப் பழக்கும் ஆட்டம் செலவே இல்லாமல் கிடைக்கிறது, அதைப் பெண்பிள்ளைகளின் ஓய்வு நேரத்துக்குள் ஒதுக்கி வைத்துவிட்டோம்.

ஆகவே செல்போனில் மல்டிபால் வந்ததும் தடுமாறுகிற தம்பிகளுக்குச் சொல்ல வேண்டியது இது. போனைச் சற்று கீழே வை. ஐந்து கல் எடுத்துக்கொள், உன் அக்காவையோ பக்கத்து வீட்டுப் பிள்ளையையோ கூப்பிட்டு எதிரே உட்கார வை, அலுங்கினால் ஒத்துக்கொள். நான்காம் சுற்று தவறாமல் வரும்வரை ஆடு. பிறகு மேசைக்குத் திரும்பி, ஒரு பக்கப் பொத்தானை அழுத்திப் பிடித்தபடி ஒரே பந்தை மட்டும் ஆடிப் பழகு, மதிப்பெண்ணைப் பார்க்காதே. பல்லடம் சுற்று வட்டாரப் பள்ளிகளின் உடற்கல்வி ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: விளையாட்டு நாளில் அஞ்சாங்கல்லையும் ஒரு போட்டியாக வையுங்கள், ஆண்பிள்ளை பெண்பிள்ளை என்று பிரிக்காமல் வையுங்கள். அதற்குத் தேவை ஐந்து கல்லும் ஒரு சிமெண்ட் தரையும்தான்.